ஆல்ப்ஸ் நீல வால்யூம் கண்ட்ரோல்: வால்வு ப்ரீஆம்புக்கு 10, 50, 100 கிலோ ஓமில் எது?

ஆல்ப்ஸ் ஆர்.கே.27 என்றால் சட்டென்று தெரியாதவர்களுக்கும் அந்த நீலப் பெட்டி தெரியும். 27 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஷாஃப்ட், ஸ்டீரியோவுக்கு இரண்டு டிராக் (சேனலுக்கு ஒரு ரெசிஸ்டர் பாதை). திருப்பினால் தேனில் சுற்றுவதுபோல் கனமாக, சீராக நகரும். அருமையான பொருள். ஆனால் வால்வு ப்ரீஆம்புக்கு (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் பெட்டி) பின்னால் இதைப் போட்டுவிட்டு "பாஸ் செத்துப்போச்சு", "ட்ரெபிள் மங்கிடுச்சு" என்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு கண்ட்ரோலில் இல்லை, தேர்ந்தெடுத்த மதிப்பில்.

12ஏயூ7 வால்வின் பிளேட்டிலிருந்து (சிக்னல் பெரிதாகி வெளிவரும் முனை) 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக வெளியே வரும் சாதாரண ப்ரீஆம்பை எடுத்துக்கொள்வோம். அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளிவரும் சிக்னலுக்கு உள்ளே இருக்கும் தடை, சுமார் 8 கிலோ ஓம் இருக்கும்.

இதற்கு 10 கிலோ ஓம் கண்ட்ரோல் போட்டால் வால்யூம் முழுதாக இருக்கும்போதே 5 டெசிபெல் காணாமல் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் வால்வுக்கு: லோடு (வால்வு ஓட்ட வேண்டிய சுமை) கனமாகிவிடுவதால் டிஸ்டார்ஷன் ஏறும். பாஸும் 19 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடும். 50 கிலோ ஓமில் இழப்பு 1.3 டெசிபெல்தான், பாஸ் 6 ஹெர்ட்ஸ் வரை போகும்.

அப்படியானால் 100 கிலோ ஓம் இன்னும் நல்லதா? வால்வுக்கு நல்லது, வயருக்குக் கெட்டது. கண்ட்ரோலின் நடுக்காலில் (குமிழோடு நகரும் தொடர்பின் கால்) கிடைக்கும் இம்பீடன்ஸ் 6 டெசிபெல் குறைத்த இடத்தில்தான் உச்சம்: கண்ட்ரோலின் மதிப்பையும் சோர்ஸின், அதாவது ப்ரீஆம்பின், அவுட்புட் இம்பீடன்ஸையும் கூட்டி நாலால் வகுத்தால் வருவது. 100 கிலோ ஓமுக்கு 27 கிலோ ஓம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள ஒன்றரை மீட்டர் ஷீல்டு வயர், ஆம்பின் உள்ளே இன்னொரு 100 என்று வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் 2.3 டெசிபெல் போகும். 50 கிலோ ஓமில் இதுவே 0.8தான். வால்யூமை இன்னும் குறைத்தால் இந்த இம்பீடன்ஸும் குறையும்; ஆகவே திருப்பத் திருப்ப ட்ரெபிளின் குணம் மாறும். வயர் அரை மீட்டருக்குள் இருந்தால் 100 கிலோ ஓமிலும் இழப்பு 1 டெசிபெலுக்கு வந்துவிடும். அப்போது தாராளமாகப் போடலாம்.

கேத்தோடு ஃபாலோயர் (பிளேட்டுக்குப் பதில் கேத்தோடிலிருந்து எடுக்கும், இம்பீடன்ஸ் குறைந்த அவுட்புட்) வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 600 ஓம் அவுட்புட் ஆச்சே, 10 கிலோ ஓம் என்ன செய்துவிடும் என்று நினைப்பு. அந்த 600 ஓம் நடு ஃப்ரீக்வென்சிக்கான கணக்கு. அடி பாஸில் அவுட்புட் கெபாசிட்டர்தான் எஜமான். அதே 0.47 மைக்ரோஃபாரட் இருந்தால் 32 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல், 20 ஹெர்ட்ஸில் ஐந்தரை டெசிபெல் போய்விடும். 10 கிலோ ஓம்தான் வேண்டுமென்றால் கெபாசிட்டரை 4.7 மைக்ரோஃபாரடாவது ஆக்க வேண்டும். 50 கிலோ ஓமுக்கு 1 மைக்ரோஃபாரட் போதும்.

12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டிலிருந்து நேரடியாக எடுப்பவர்களுக்கு இந்த நீலக் கண்ட்ரோலின் எந்த மதிப்பும் சரிப்படாது. 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டருடன் அவுட்புட் இம்பீடன்ஸ் 38 கிலோ ஓம் வரும். கேத்தோடு ரெசிஸ்டருக்கு பைபாஸ் கெபாசிட்டர் இல்லையென்றால் அது 68 வரை ஏறும். முதலில் ஒரு பஃபர் (கேத்தோடு ஃபாலோயர் போல இம்பீடன்ஸைக் குறைக்கும் கட்டம்) போடுங்கள், கண்ட்ரோல் அப்புறம்.

உங்கள் ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் தெரியாதா? 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஏ.சி. வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். பிறகு அவுட்புட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 10 ஆயிரத்தால் பெருக்குங்கள். 2.00 வோல்ட் 1.11 ஆக விழுந்தால் விடை சுமார் 8 கிலோ ஓம். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மல்டிமீட்டர்கள் பல 400க்கு மேல் சரியாகக் காட்டாது. கிடைத்த எண்ணைப் போல் பத்து மடங்கு லோடு என்பது நல்ல இலக்கு, ஐந்து மடங்குக்குக் கீழே போகாதீர்கள். அடுத்து வரும் ஆம்பையும் கணக்கில் சேருங்கள்: வால்யூம் முழுதாக இருக்கும்போது 50 கிலோ ஓம் கண்ட்ரோலும் 47 கிலோ ஓம் ஆம்பும் சேர்ந்து சோர்ஸுக்கு 24 கிலோ ஓமாகத்தான் தெரியும். ஆம்ப் 10 கிலோ ஓம் ரகம் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

கண்ட்ரோலின் உண்மையான பலவீனம் அடிமட்டத்தில். குமிழைத் துளி திறந்த இடத்தில் இடது, வலது சமமாக இருக்காது. தினமும் அங்கேயே கேட்கிறீர்களென்றால் 50 கிலோ ஓம் கண்ட்ரோலுக்கு முன்னால் சேனலுக்கு ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேருங்கள். ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும், குமிழ் மேலே வரும், வால்வுக்கும் லோடு லேசாகும். வயர் மட்டும் குட்டையாக இருக்கட்டும். முழு வால்யூமில் நடுக்கால் 26 கிலோ ஓம் ஆகிவிடும்.

நீல நிறத்தில் போலிகள் ஏராளம். பற்றவைக்கும் முன் குமிழின் ஐந்தாறு நிலைகளில் இரண்டு டிராக்கையும் ஓம்மில் அளந்து ஒப்பிடுங்கள். எர்த் கால் சரியாகப் பற்றாவிட்டால் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் சத்தம் அடங்காது. ஷாஃப்டைத் தொட்டால் ஹம் வருகிறதா? உலோக உடம்பை எர்த் செய்யுங்கள். திருப்பும்போது கரகரத்தால் உடனே கண்ட்ரோலை மாற்றிவிடாதீர்கள், நடுக்காலில் டி.சி. இருக்கிறதா என்று பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ப்ரீஆம்பின் அவுட்புட் கெபாசிட்டர் கசிகிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.