ஈர்ப்பை அணைத்துப் பார்க்க ஒரு பொத்தான்: ஃபெட் சிமுலேஷன் பற்றி

பதினோராம் வகுப்புக்கு ஈர்ப்பியல் நடத்தும் ஆசிரியர்கள் யாராக இருந்தாலும் இதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பேன். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாகத் தரும் 'கிராவிட்டி அண்ட் ஆர்பிட்ஸ்' என்ற சிமுலேஷன், அதாவது கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரி, அது. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் மறு ஆண்டே தொடங்கிய திட்டம் இது. உலாவியிலேயே ஓடும். பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் எட்டாத வகுப்பறையிலும் ஓடும். அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் எனக்கு இந்த ஒரு வசதியே பெரிது.

திரையில் சூரியன், அதைச் சுற்றும் பூமி, பக்கத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையில் ஈர்ப்பு விசையை இயக்கவும் அணைக்கவும் ஒரு தேர்வு இருக்கிறது. பூமி பாதிச் சுற்று வந்ததும் நிறுத்திவிட்டு, "இப்போது ஈர்ப்பை அணைத்தால் பூமி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்பேன். பெரும்பாலான கைகள் சூரியனுக்கு நேர் எதிராக, வெளிப்பக்கம் நீளும். அணைத்துவிட்டு ஓடவிட்டால், பூமி வட்டத்தின் தொடுகோட்டில் நேராகக் கிளம்பிவிடுகிறது. "டீச்சர், அப்போது அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். தள்ளுவது எதுவுமே இல்லை என்பதைக் கரும்பலகையில் நிரூபிக்க ஒரு பாடவேளை பிடிக்கும். இங்கே கண்ணெதிரே நடக்கிறது. ஒரு நொடியில் 30 கிலோமீட்டர் முன்னால் ஓடும் பூமி, அதே நொடியில் சூரியனை நோக்கி விழுவது வெறும் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டர்தான் ஓர் ஆண்டில் பாதையை முழு வட்டமாக வளைத்துவிடுகிறது. இதைச் சொன்னபின் மறுபடி ஓடவிட்டால், பிள்ளைகள் அந்தச் சுற்றுப்பாதையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சூரியன், பூமி இரண்டின் நிறையையும் மாற்றச் சறுக்குப் பொத்தான்கள் உண்டு. பூமியின் நிறையைக் கூட்டினால் பாதை மாறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். விசையைக் காட்டும் அம்புக்குறிகள்தாம் நீளும், பாதை அசையாது. சூரியன்மீது உள்ள அம்பும் பூமிமீது உள்ள அம்பும் எப்போதும் சம நீளம். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிடத் தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. அடுத்து சூரியனின் நிறையைப் பாதியாக்குங்கள். பூமி பிடி நழுவி வெளியேறும். ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கணக்குக் கொடுக்கலாம்: உண்மையான பூமியின் பாதை சற்று நீள்வட்டமானது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரித் தொடக்கத்தில் சூரியனின் நிறை பாதியானால் பூமி திரும்பி வராது. மிகத் தொலைவில் இருக்கும் ஜூலைத் தொடக்கத்தில் அது நடந்தால், மிக நீண்ட பாதையில் போனாலும் ஒருநாள் திரும்பிவிடும். ஈர்ப்பின் பிடியிலிருந்து தப்பிக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை, அதாவது விடுபடு வேகத்தைச் சொல்லும் சூத்திரத்துக்கு உயிர் வருவது இந்த இடத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பூமியும் விண்வெளி நிலையமும் வரும் காட்சி. விண்வெளியில் ஈர்ப்பே இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்ற எண்ணம் பெரியவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஈர்ப்பு, தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம். ஈர்ப்பை அணைத்த மறுகணம் நிலையம் நேர்க்கோட்டில் பறந்துவிடுவதைப் பார்த்தபின், அங்கே ஈர்ப்பு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மிதப்பது அதனால்.

உருவங்களைப் பெரிதாக்கிக் காட்டும் திரை ஒன்றும் உண்மை விகிதத் திரை ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. முதலாவதை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவதில் பூமியைத் தேட வேண்டியிருக்கும். தேடட்டும்.

ஒன்றை மட்டும் ஆசிரியர்தான் வாயால் சொல்லி நிரப்ப வேண்டும். இந்த சிமுலேஷன் சுற்றுப்பாதைக்காக உருவானது. ஆகவே ஈர்ப்பை அணைத்த பிறகும் பூமி உருண்டையாகவே போகும், சூரியனும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். உண்மையில் அவற்றைக் கட்டிப் பிடித்திருப்பதே ஈர்ப்புதான். சூரியனின் மையத்தில் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி வெப்பம். அந்த வெப்பத்தின் அழுத்தம் வெளியே தள்ள, மேலே இருக்கும் வாயுவின் எடை உள்ளே அமுக்குகிறது. எடை போய்விட்டால் சூரியன் விரிந்து சிதறும், அதை ஒளிரவைக்கும் அணுக்கரு இணைவு நின்றுவிடும். கோள்கள் உருண்டையாக இருப்பதும் இதே விசையால்தான். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரிஸ் என்ற குறுங்கோள் உருண்டையாக இருக்கிறது. அதிகபட்சம் 27 கிலோமீட்டர் நீளமுள்ள செவ்வாயின் துணைக்கோள் ஃபோபோஸ் உருளைக்கிழங்கு வடிவத்தில் இருக்கிறது. பூமியின் மையத்தில் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 36 லட்சம் மடங்கு. மேலிருக்கும் எடை மறைந்தால் அந்த அமுங்கிய பாறையும் இரும்பும் விரியாமல் இருக்காது. காற்று வெளியே பரவிப் போய்விடும், கடலுக்கும் அதே கதிதான்.

"நாம் உடனே தூக்கி வீசப்படுவோமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். காற்றையும் தரையின் சிதைவையும் விட்டுவிட்டால், நிலநடுக்கோட்டில் நிற்பவர் முதல் நொடியில் தரையைவிட்டு எழும்புவது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு நிமிடத்தில் சுமார் 60 மீட்டர். பூமியின் சுழற்சி மட்டும் அவ்வளவுதான் செய்யும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பயன்படுத்தலாம். கைப்பேசியில் திறந்தாலும் வேலை செய்யும், ஆனால் திசைவேக அம்பின் முனையைப் பிடித்து இழுத்துப் பழக மௌஸ் உள்ள கணினியே நல்லது. முடிந்தால் ப்ரொஜெக்டரில் நீங்களே ஓட்டிக் காட்டாமல், மௌஸைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கள்.