பாதி விலைக்கு வந்திருக்கும் ஜாஸ் ஆப்: வாங்கலாமா?

ஜாஸ் பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் ஆப்பின் ஆண்டுச் சந்தா பாதியாகிவிட்டதாம். வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். கார்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) ஓடவிட்டு, எதற்கு எந்த ஸ்கேல் (ஸ்வர வரிசை) என்று நிறம் போட்டுக் காட்டும் ரகம். பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன்.

நாம் கூடவே வாசிக்க ஓடும் பேக்கிங் டிராக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. பியானோவை அணைத்துவிட்டு பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாலு பாரை (தாளச் சுற்றை) மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போடலாம். வேகத்தைக் குறைத்தாலும் சுருதி இறங்காது. டிரம்ஸில் குச்சிக்குப் பதில் பிரஷால் தடவும் அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

எரிச்சல் எல்லாம் கார்டுக்கு ஸ்கேல் சொல்லும் அதன் அனாலிசிஸில்தான். ஜெரோம் கெர்ன் 1939-ல் மெட்டமைத்த 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். பாருக்கு ஒரு கார்டாக இப்படித் தொடங்கும்: எஃப் மைனர் 7, பி ஃபிளாட் மைனர் 7, ஈ ஃபிளாட் 7, ஏ ஃபிளாட் மேஜர் 7, டி ஃபிளாட் மேஜர் 7. இந்த முதல் ஐந்து பாரும் ஏ ஃபிளாட் மேஜர் என்ற ஒரே ஸ்கேலுக்குள் அடக்கம். இந்த ஆப்போ எயோலியன், டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன், லிடியன் என்று ஐந்து பெயர், ஐந்து நிறம் காட்டுகிறது. தொடங்கும் இடம்தான் வேறு, எல்லாம் அதே ஏழு ஸ்வரம்தானய்யா! பெயரைப் படித்து முடிப்பதற்குள் பார் ஓடிவிடுகிறது. ஐந்திலும் மெட்டு அந்தந்த கார்டின் மூன்றாம் ஸ்வரத்தில் (கார்டின் பெயரில் உள்ள ஸ்வரத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் மூன்றாவது) போய் உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு போனாலே கார்டுகள் மேல் நாமே கற்பனையாக வாசிக்கும் சோலோ பாதி தேறிவிடும்.

பாட்டின் நடுப்பகுதியான பிரிட்ஜ் முடியும் இடத்தில் இன்னும் மோசம். ஈ மேஜர் 7-இல் மெட்டு ஜி ஷார்ப்பில் நிற்கும். அடுத்த பாரில் சி 7 ஷார்ப் 5, அப்புறம் மறுபடி எஃப் மைனர் 7. விரலை அந்தக் கருப்புக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு இடது கையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஈ-க்கு மூன்றாம் ஸ்வரமாக இருந்தது, சி-யில் அரை ஸ்வரம் ஏற்றிய ஐந்தாம் ஸ்வரமாகி (அதுதான் ஷார்ப் 5), எஃப் மைனரில் ஏ ஃபிளாட் என்ற பெயரில் மறுபடி மூன்றாம் ஸ்வரமாகிவிடும். முழுப் பாட்டும் வீடு திரும்பும் வாசல் அதுதான். ஆப் அங்கே 'ஹோல் டோன் ஸ்கேல்' என்று ஊதா நிறத்தில் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

நிறத்தை அணைக்க ஒரு பட்டன் கொடுங்கள் என்று எழுதினேன். அடுத்த அப்டேட்டில் புதிதாக இரண்டு நிறம் வந்தது.

ஆகவே நண்பரே, பாதி விலைக்கும் வேண்டாம். எனக்கு அந்த பிரஷ் சத்தம் இல்லாமல் முடியாது, சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அதுவும் முழு விலைக்கு.