ஒரு மண்டலம், 7,200 ரூபாய்: விபத்தில் தப்பியவர்களின் வீட்டாருக்கு

சென்ற ஆடி மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், என் தம்பி வந்த வேனைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. தர்மபுரி, சேலம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனுக்குக் காறை எலும்பு முறிவோடு போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. லாரி ஹாரன் கேட்டால், சோற்றைப் பிசைகிற கை அப்படியே நின்றுவிடும். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். பயந்த கோளாறு என்று அம்மா வேப்பிலை அடித்து மந்திரிக்க அழைத்துப் போனார். தட்டில் 51 ரூபாய் வைத்தோம்.

பத்தாம் நாள் எனக்கு ஒரு அழைப்பு. தன்னை மூலிகை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். எந்தப் பக்கத்து எலும்பு முறிந்தது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரு சேவைதான் அம்மா" என்றார். அப்போதே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"அதிர்ச்சி நரம்பில் இறங்குவதற்குள் தடுத்துவிட வேண்டும். 30 நாள் தாண்டினால் வாழ்நாள் முழுக்க மனநோய்தான்" என்றார். அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில் எல்லாம் சேர்ந்த மாத்திரையும் உச்சந்தலைக்கு ஒரு தைலமும் ஒரு மண்டலத்துக்கு 7,200 ரூபாய். எலும்பு மருத்துவர், ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்திருந்தார். அதைச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்யாணம் ஆகாத பையன். அந்தப் படியேறினான் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?" என்றார். நான் விழுந்த இடம் அதுதான்.

வல்லாரைத் துவையல் தின்று வளர்ந்த வீடு எங்களுடையது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்த மண்டலக் கணக்கின் சாமர்த்தியம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. விபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு வருவதுதான். அவர்களில் மிகப் பலருக்கு அது மருந்தில்லாமலே அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்தக் கோளாறு என்ற பெயரையே மருத்துவர்கள் எடுக்கிறார்கள். ஆக, 48 நாள் எதை விழுங்கினாலும் பாதிக்கு மேல் ஆட்கள் தேறிவிடுவார்கள். பெயர் மாத்திரைக்குப் போகும். தேறாதவர்களுக்கோ சிகிச்சை தொடங்க வேண்டிய நாட்கள் வீணாகிவிடும். இந்தக் கோளாறு வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மூலிகை ஒன்றுகூட இல்லை. முதல் மாதத்தில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற பென்சோடயாசெபின் வகை மாத்திரைகளைக்கூட இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் தம்பி தேறாதவர்கள் பக்கம். ஐந்தாம் வாரம் பைக் சாவியைத் தொடவே மறுத்தான். மாத்திரை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ஈரக்கையோடு டப்பாவை எடுத்தேன். லேபிளின் ஓரம் கிளம்பியது. நகத்தால் உரித்தால், அடியில் இன்னொரு லேபிள். "மூட்டு வலி, முழங்கால் தேய்மானம்" என்று இருந்தது. தொகுதி எண் அதேதான். சித்த மருந்து என்றால் இருக்க வேண்டிய மருந்து உற்பத்தி உரிம எண் இரண்டிலும் இல்லை. உணவுத் துணைப்பொருளுக்கான 14 இலக்க எண் மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. அந்த வகையில் விற்கும் பொருளுக்கு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லவே சட்டத்தில் இடமில்லை. எந்த மூலிகை எத்தனை மில்லிகிராம் என்ற விவரமும் கிடையாது.

மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. டப்பாவைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கல்லீரல் பரிசோதனைக்குத்தான் எழுதினார். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறதாம். தைராய்டு, தூக்க மருந்துகளோடும் மோதுமாம். நல்ல வேளை, முடிவு சரியாகவே வந்தது. இப்போது வாரம் ஒருமுறை அவனை உட்காரவைத்து, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைக்கிறார்கள். போன வாரம் டோல்கேட் வரை வண்டியில் போய்வந்தான்.

பணம் திரும்பவில்லை. சீல் உடைந்துவிட்டதாம், உடைக்காமல் எப்படி விழுங்குவது என்று கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இரண்டு லேபிளையும் படம் எடுத்துவைத்ததுதான் கையில் உள்ள ஆதாரம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. எனக்கு அது தெரிந்தது 7,200 ரூபாய் போன பிறகு.

நேற்று வேறொரு எண்ணிலிருந்து அதே குரல். இரண்டாம் மண்டலத்துக்குப் பாதி விலையாம். போனைத் தம்பி வாங்கிக்கொண்டான். "அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, இதையே கொடுக்கலாமா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.