அலுவலகக் கட்டடத்துக்குத் தனிக்கட்டுரையா, இணைப்பா, நீக்கலா?

பன்னிரண்டு மாடி, கண்ணாடி முகப்பு, உள்ளே வாடகைக்கு இருக்கும் பத்துப் பதினைந்து நிறுவனங்கள். இப்படி ஒரு கட்டடத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் யாரோ நான்கு பத்தி எழுதிவிடுகிறார்கள். அதை அப்படியே விடலாம், வேறொரு கட்டுரையில் இணைக்கலாம், நீக்கலாம். மூன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறது.

தனிக்கட்டுரை வேண்டும் என்பவர்கள் முதலில் கையில் எடுப்பது உயரத்தை. எனக்கு அது பலவீனமான வாதமாகவே படுகிறது. கேமன் தீவுகளில் உள்ள அக்லண்ட் ஹவுஸ் வெறும் ஐந்து மாடிதான். ஆனால் 18,857 நிறுவனங்கள் அதைப் பதிவு முகவரியாகக் காட்டியிருந்தன என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2008-இல் அறிக்கை வெளியிட்டது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில், 1209 நார்த் ஆரஞ்சு ஸ்ட்ரீட் என்ற கட்டடத்துக்கு ஒரே தளம். லட்சக்கணக்கான நிறுவனங்களுக்குச் சட்டப்படி அதுதான் முகவரி. பார்க்கச் சாதாரணமான இந்த இரண்டுக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை உண்டு, இருக்கவும் வேண்டும். நிறுவனப் பதிவையும் வரியையும் பற்றி எழுதியவர்கள் அந்தக் கட்டடங்களையே எடுத்துப் பேசினார்கள். நாற்பது மாடிக் கோபுரம் ஒன்றைப் பற்றி வாடகை விளம்பரம் மட்டுமே கிடைத்தால், அதை வைத்து என்ன எழுத முடியும்?

ஆகவே பார்க்கவேண்டியது சான்றைத்தான். கட்டடத்தோடு தொடர்பில்லாத ஒருவர், நம்பகமான இடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா? உரிமையாளரின் செய்திக்குறிப்பு இதில் சேராது. உயரமும் மாடி எண்ணிக்கையும் தரும் தரவுத்தளங்களும் போதாது. அவற்றில் சாதாரணக் கட்டடங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 'இன்ன விலைக்குக் கைமாறியது' என்ற மூன்று வரிச் செய்தியும் அப்படித்தான். கட்டடக்கலை இதழில் வந்த ஒரு முழு விமர்சனமோ, மரபுச் சின்னமாக அறிவிக்கும்போது தயாரித்த ஆவணமோ இருந்தால் பேச்சே வேறு. வடிவமைத்தவர் புகழ்பெற்றவர் என்பதும் தனியாக நிற்காது. அந்தப் புகழ் கட்டடத்துக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

நீக்கச் சொல்பவர்கள் சில நேரம் அவசரப்படுகிறார்கள். 'இடித்தாகிவிட்டது, இனி எதற்கு?' என்பது மோசமான காரணம். ஃபிராங்க் லாயிட் ரைட் பஃபலோ நகரில் வடிவமைத்த லார்கின் நிர்வாகக் கட்டடம் 1906-இல் முடிந்தது, 1950-இல் இடிக்கப்பட்டது. அலுவலகக் கட்டட வரலாற்றில் அதை விட்டுவிட்டு யாராலும் பேச முடியாது. 'தேடினேன், இணையத்தில் ஒன்றும் இல்லை' என்பதும் போதாது. பழைய கட்டடங்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அச்சு நாளிதழிலும் நூலகத்திலும்தான் இருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கல் உரையாடலுக்கு வழக்கமாக ஏழு நாள் கிடைக்கிறது. அதில் ஒரு நாளையாவது பழைய இதழ்களைத் தேடுவதற்குச் செலவிடலாம். முழுக்க விளம்பரமாக எழுதப்பட்டு, ஒரு வரிக்குக்கூடச் சான்று இல்லை என்றால் சரி, நீக்கிவிடலாம்.

கொஞ்சம் சான்று மட்டுமே உள்ள நடுத்தரக் கட்டடங்களுக்கு என் வாக்கு இணைப்புக்குத்தான். எதில் இணைப்பது என்பதில்தான் சிக்கல். கட்டிய நிறுவனத்தின் கட்டுரையில் சேர்த்தால் சில ஆண்டுகளில் பொருந்தாமல் போய்விடும். நிறுவனங்கள் விற்றுவிட்டு வெளியேறும், பெயரும் மாறும். சிகாகோவின் சியர்ஸ் டவரே 2009-இல் வில்லிஸ் டவர் ஆனது. அதனால் தெருவையோ வட்டாரத்தையோ பற்றிய கட்டுரையிலோ, நகரத்துக் கட்டடங்களின் பட்டியலிலோ சேர்ப்பது நல்லது. அந்த இடம் யாரோடும் காலி செய்துகொண்டு போகாது.

இன்னொன்று, 'இணைத்துவிட்டு நீக்குங்கள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது நடக்கிற காரியம் இல்லை. விக்கிப்பீடியாவின் உரிமப்படி எழுதியவர்களுக்கு உரிய பெயர் காட்டப்பட வேண்டும், அதற்குப் பக்கத்தின் வரலாறு, அதாவது யார் எப்போது என்ன எழுதினார்கள் என்ற பதிவு, மிஞ்ச வேண்டும். பழைய தலைப்பை வழிமாற்றாக, அதாவது தேடி வருபவரை இணைத்த கட்டுரைக்கு அனுப்பிவைக்கும் பக்கமாக, விட்டால் அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். நீக்கினால் நிர்வாகிகள் மட்டுமே பார்க்க முடியும். நாளை யாராவது நல்ல சான்றோடு வந்தால் வழிமாற்றைத் திறந்து, பழைய வரிகளின் மேலேயே கட்டுரையை எழுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.