வாடகை பஞ்சாயத்து பண்றேன்னு வர்ற புரோக்கர்கிட்ட உஷாரா இருங்க

சென்னைல தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை பக்கம் வாடகைக்கு இருக்கறவங்க கொஞ்சம் முழுசா படிங்க. ஓனருக்கும் நமக்கும் நடுவுல பூந்து "நான் பேசி முடிச்சுத் தரேன்"னு ஒருத்தர் சுத்திட்டு இருக்காரு. வெள்ளை சட்டை, கக்கத்துல ரெக்ஸின் பை, பையில எப்பவும் பத்திர பேப்பர் ரெண்டு மூணு. பேர் போடல, போட்டா நாளைக்கு என் வாசல்ல வந்து நின்னு கத்துவாரு.

நாங்க இருக்கறது ஒரே காம்பவுண்டுல நாலு போர்ஷன் இருக்கற வீடு, வாடகை 9,500, அட்வான்ஸ் 50,000, கரண்ட் சப் மீட்டர்ல யூனிட்டுக்கு 8 ரூபா (கவர்மென்ட் குடுக்கற ஃப்ரீ யூனிட் எல்லாம் நம்ம கண்ணுல பட்டதே இல்ல, அது தனிக்கதை). 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து இந்தப் பக்கம் ஓனருங்க எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஸ்டேஷன் நடக்கற தூரம்பா, வாடகை ஏறத்தான் செய்யும்னு. எங்க ஓனரம்மா பெரம்பூர்ல பையனோட இருக்காங்க, வாடகை ஜிபேல போயிடும், நேர்ல பாக்கறதே பொங்கலுக்குத்தான். இந்த கேப்லதான் இவரு நுழைஞ்சாரு.

"தம்பி, ஓனரம்மா 13,000 கேக்கறாங்க, இல்லன்னா அடுத்த மாசம் காலி பண்ணணுமாம், மோட்டார் ரூமைப் பூட்டிடுவேன்னு வேற சொல்றாங்க, நான் 12க்கு இறக்கித் தரேன், எனக்கு ஒரு அஞ்சாயிரம் பாத்துக்குடு"ன்னாரு. பசங்களுக்கு ஸ்கூல் நடு வருஷம், எங்க போறது, மூவாயிரம் முதல்ல குடுத்தேன். அப்புறம் வாரா வாரம் ஒரு கதை. அம்மா கோவமா இருக்காங்க, நீ மட்டும் போன் பண்ணிடாத, பண்ணா பேச்சே கெட்டுடும். இந்த ஒரு டயலாக்கை யாராவது உங்ககிட்ட சொன்னா அங்கயே உஷாராயிடுங்க. நடுவுல ஒரு நாள் ரிப்பேர் பாக்கணும்னு வந்து ஹால், கிச்சன், பாத்ரூம்னு எல்லாத்தையும் போட்டோ வேற எடுத்துட்டுப் போனாரு.

கடைசில அக்ரிமெண்ட்னு ஒண்ணு டைப் அடிச்சு எடுத்துட்டு வந்தாரு. வாடகை 12,000, கீழ பொடி எழுத்துல "11 மாதம் முடிந்ததும் எவ்வித ஆட்சேபணையுமின்றி காலி செய்து கொடுக்க சம்மதிக்கிறேன்"னு ஒரு வரி, அட்வான்ஸ் தொகை இருக்க வேண்டிய எடத்துல வெறும் புள்ளி புள்ளியா கோடு. என் வீட்டுக்காரம்மாதான் அதுல விரல வெச்சு "இங்க ஏன் ஒண்ணும் எழுதலண்ணா"ன்னு கேட்டாங்க. "அத அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம்மா, நீங்க சைன் மட்டும் போடுங்க"ன்னாரு. 11 மாசம்னு போட்டுட்டா எங்கயும் பதியவே வேணாம்னும் அளந்து விட்டாரு. சைன் போடல, போட்டோ எடுத்துட்டு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டோம்.

ஞாயித்துக்கெழமை சொல்லாம கொள்ளாம நேரா பெரம்பூர் போயிட்டோம். ஓனரம்மா கதவைத் தொறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன்பா, ஒரு பைசா ஏத்த மாட்டேன், கோர்ட்ல பாத்துக்கறேன்னியாமே?" எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க கேட்டதே ஆயிரம் ரூபாதான், 10,500. என்னைக் காலி பண்ண வைக்கறேன்னு அவங்ககிட்டயும் நாலாயிரம் வாங்கியிருக்காரு. நான் காலி பண்ணாதான அவருக்குப் புது பார்ட்டிகிட்ட ஒரு மாச வாடகை கமிஷன் வரும். ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள 10,500ன்னு பேசி முடிஞ்சுது, இதுக்கா இத்தனை நாள் தூக்கம் போச்சுன்னு இருந்துச்சு.

அந்தம்மா பையன் விஷயம் தெரிஞ்சவரு. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரில இருந்து புது வாடகை சட்டம்தானாம், 1960 வருஷத்து பழைய சட்டம் போயிடுச்சு. 11 மாசமோ மூணு வருஷமோ, எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், வாடகை ஏத்தறதும் அதுல எழுதியிருக்கற மாதிரிதான். சண்டைன்னாலும் தண்ணி, கரண்டை ஓனர் நிறுத்தக் கூடாது, வாடகையை வாங்க மாட்டேன்னா அந்த அதிகாரிகிட்டயே கட்டலாம். அதிகாரின்னா டெபுடி கலெக்டர் ரேங்குக்குக் குறையாத ஆளு, ரெக்ஸின் பை ஆளு இல்ல. அக்ரிமெண்ட்டை இப்ப ஆன்லைன்லயே பதிய போட்டிருக்கோம், அட்வான்ஸ் 50,000னு எழுத்துலயும் எண்ணுலயும் எழுதி.

பணத்தைக் கேட்டா "நான் பேசினதுக்குக் கூலி"ங்கறாரு. ஓனரம்மா பையனோட நம்பரை பிளாக்கே பண்ணிட்டாரு. இதுல இன்னொண்ணு, நேத்து ஒரு புருஷன் பொண்டாட்டி எங்க காம்பவுண்டுக்கு வந்து, 13,000 வாடகைன்னு பேசி டோக்கன் குடுத்திருக்கோம், எப்பங்க காலி பண்றீங்கன்னு கேக்கறாங்க, கையில போன்ல என் வீட்டு கிச்சன் போட்டோ. இன்னும் எத்தனை பேருக்கு அதைக் காட்டி வாங்கியிருக்காரோ தெரியல. பச்சை கடப்பாக்கல் மேடை, ஜன்னல் பக்கத்துல கேஸ் சிலிண்டர், நீல டிரம், அந்த போட்டோ பாத்து யாராவது டோக்கன் குடுத்திருந்தா அந்த வீடு காலி இல்லீங்க, போய் பணத்தைத் திருப்பிக் கேளுங்க.