மரம் அடையாளம் பார்க்க ஐநேச்சுரலிஸ்ட் செயலி: என் அனுபவம்
மரம் செடி அடையாளம் காட்டுகிற செயலிகளில் நான் தைரியமாகச் சிபாரிசு செய்வது ஐநேச்சுரலிஸ்ட்தான். இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஓணம் கழிந்த சமயத்தில் ஒரு மரம் மஞ்சளாகப் பூத்து நின்றது. கூட வந்தவர்கள் கொன்றை என்றார்கள், போனில் இருந்த வேறொரு செயலியும் பூவை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கொன்றை என்றது. ஆனால் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கிற கொன்றைப்பூ சரம் சரமாகக் கீழே தொங்கும், இதுவோ கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றது. சரக்கொன்றைக்குச் சிற்றிலைகள் அகலமாக, எட்டு ஜோடிக்குள் இருக்கும். இதில் பத்து ஜோடிக்கு மேல், முனை கூர், அடிப்பக்கம் தடவினால் மெத்தென்று மயிர். கீழே கிடந்த பழைய காய் உருண்டையாக, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. உடைத்தால் ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு விதை.

ஐநேச்சுரலிஸ்டில் ஒரே பதிவில் பூ, இலையின் அடிப்பக்கம், காய், பட்டை, முழு மரம் என்று எல்லாப் படத்தையும் சேர்க்கலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் சேமித்து வைத்து வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம். செயலி முதலில் காட்டிய அறிவியல் பெயர் சென்னா ஸ்பெக்டபிலிஸ். அப்புறம் அதே செயலியில் இருக்கிற விஷயம் தெரிந்தவர்கள் படங்களைப் பார்த்து அதையே உறுதி செய்தார்கள், இது சாலையோரம் நடுகிற மஞ்சள் கொன்றையாக ஏன் இருக்க முடியாது என்றும் விளக்கினார்கள்: அதற்கு இலை முனை மழுங்கியிருக்கும், காய் தட்டை.

வெப்பமண்டல அமெரிக்காவின் மரம் இது. அழகுக்காகக் கொண்டுவந்தது, வயநாட்டிலும் முதுமலையிலும் காட்டுக்குள் புகுந்து மற்றச் செடிகளை வளரவிடாமல் செய்கிறது, வெட்டினாலோ அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. நம் மலைக்காட்டில் ஒன்றிரண்டாக நிற்கும்போதே கண்ணில் பட வேண்டும் என்று எனக்குப் பெரிய கவலை.

அதனால் பதிவிடும்போது, நட்டு வளர்த்ததா என்று குறிக்க ஒரு இடம் உண்டு, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எஸ்டேட் பங்களா முற்றத்தில் நிற்கிற மரம் வேறு, ஓடைக்கரையில் தானாக முளைத்தது வேறு. உடனே உறுதியான விடை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பார்த்துச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஆர்வத்தால் செய்பவர்கள், அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும். பூவை மட்டும் எடுத்துப் போட்டால் அவர்களாலும் கொன்றை இனம் என்பதைத் தாண்டிச் சொல்வது கஷ்டம், காய் கீழே கிடக்கிறதா என்று தேடிப் பார்த்து அதையும் எடுங்கள்.