என்பிடெல் கோர்ஸ் எடுக்கலாமா? காரைக்குடிலருந்து ஒரு ரிவ்யூ

செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், எங்க வாட்ஸப் குரூப்ல இதே பேச்சு தான், என்பிடெல் போடலாமா, டிகிரி கணக்குல சேர்ற கிரெடிட் கிடைக்குமா, ரொம்ப கஷ்டமானு. நான் ஒரு 12 வார கோர்ஸ் முடிச்சு பரீட்சையும் எழுதிட்டேன். கண்டிப்பா போடுங்க, ஆனா சர்டிபிகேட் மட்டும் போதும்னு நினைச்சு போடாதீங்க.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், என்பிடெல்ங்கறது காலேஜ் பாடத்த ஆன்லைன்ல வீடியோவா நடத்துற திட்டம், 2003ல ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது, இப்ப மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம் வழியா சேரணும். சேர்றதுக்கும் வீடியோ பாக்குறதுக்கும் காசு கிடையாது, பரீட்சைக்கு மட்டும் தான் பீஸ், நான் கட்டுனது 1000 ரூபாய். தேவகோட்டைலருந்தோ புதுவயல்லருந்தோ பஸ்ல வந்து போற பிள்ளைக்கு ஐஐடி வாத்தியார் பாடம் கைல இருக்க போன்லயே கிடைக்குது, இத நான் சாதாரணமா நினைக்கவே மாட்டேன்.

மார்க் கணக்கு தான் முக்கியம். வாரா வாரம் அசைன்மென்ட் வரும், 12 வார கோர்ஸ்னா அதுல நல்லா பண்ண 8 மட்டும் எடுத்து 25 மார்க்குக்கு போடுவாங்க, மிச்சம் 75 பரீட்சைக்கு. அசைன்மென்ட்ல 10, பரீட்சைல 30, ரெண்டுமே தனித்தனியா எடுத்தா தான் பாஸ். இப்ப நிறைய பேரு டெலிகிராம்ல வர்ற ஆன்சர அப்படியே போடுறாங்க, இல்ல சாட்ஜிபிடிகிட்ட கேட்டு போடுறாங்க, 25க்கு 24 வந்துரும் சரி, ஆனா பரீட்சை சென்டர்ல போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எழுதணும், அங்க போன் கிடையாது, அந்த 75 மார்க்குக்கு என்ன பண்ணுவீங்க? எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம். நமக்கு இந்த மாதிரி வாத்தியார் வேற எங்க கிடைப்பாங்க, அவங்க வீடியோவ ஓட்டி விட்டுட்டு சர்டிபிகேட் மட்டும் வாங்குறதுல என்ன இருக்கு. சாட்ஜிபிடிய புரியாத இடத்த கேக்குறதுக்கு வச்சுக்கங்க, அதுக்கு நல்லாவே உதவுது.

நெட்வொர்க் பத்தி சொல்லியே ஆகணும். நம்ம பக்கத்து பழைய வீடுகள்ல சுவரு அவ்வளவு கனம், உள்கட்டுல டவரே எடுக்காது, முகப்பு திண்ணைக்கு வந்தா தான் வீடியோ ஓடும். "ராத்திரி வாசல்ல உக்காந்து என்ன ஆத்தா பாக்குற"னு அப்பத்தா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அதனால நெட் நல்லா கிடைக்கற இடத்துலயே அந்த வார வீடியோவ டவுன்லோட் பண்ணிருங்க, பஸ்ல பாத்துக்கலாம்.

வீடியோ இங்கிலீஷ் தான். நிறைய கோர்ஸுக்கு பாடத்தோட எழுத்து வடிவம் தமிழ்ல பிடிஎஃப்பா இருக்கு, தமிழ் மீடியத்துலருந்து வந்தவங்க அத இங்கிலீஷ் பிடிஎஃப்போட பக்கத்துல வச்சு படிங்க, தமிழ மட்டும் வச்சு படிச்சா டெக்னிக்கல் வார்த்தை வர்ற இடத்துல தடுக்கும். பழைய வீடியோ சிலதுல சத்தம் சன்னமா இருக்கும், ஹெட்போன் இல்லாம முடியாது.

கிரெடிட் விஷயம்: ஒரு செமஸ்டர்ல இருக்க மொத்த பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம்ல எடுக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021லயே விதி போட்டுருக்கு, ஆனா உங்க டிபார்ட்மென்ட் எந்த கோர்ஸ ஏத்துக்கும்னு சேர்றதுக்கு முன்னாடியே எச்ஓடிகிட்ட (துறைத் தலைவர்) கேட்டு எழுதி வாங்கிக்கங்க. கோர்ஸ் பேர பாத்து உடனே சேராதீங்க, அத நடத்துற சாரோட பழைய வீடியோ யூடியூப்ல இருக்கும், ரெண்டு பாருங்க, அவரு வேகம் நமக்கு ஒத்து வந்தா சேருங்க.